டிப்புவின் ஊரடங்கு நாட்கள்

25 மார்ச் 2020, புதன்

நேற்று மாலை 6 மணிக்கே 144 தொடங்கிவிட்டது. இரவு பிரதமர் டிவியில் வந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். தெருவே மளிகைக் கடைக்கு ஓடியது. நான் மெடிக்கலுக்கு ஓடினேன். அலோபூரினால் மாத்திரை வேண்டும். யூரிக் அமிலம் ஏறி மனிதர்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்கினால் கொடுக்கிற அதே மாத்திரைதான். எங்கள் வீட்டில் அதைச் சாப்பிடுவது டிப்பு. கடைக்காரர் கேள்வி கேட்காமல் நாலு அட்டை எடுத்துக் கொடுத்தார்.

டிப்பு ஒரு டால்மேஷன் நாய், வெள்ளை உடம்பில் புள்ளி உள்ள இனம். 12 வயது முடிந்துவிட்டது. இந்த இனம் 11 முதல் 13 வயது வரை இருக்கும் என்பார்கள். அதனால் பாக்கி இருக்கிற ஒவ்வொரு நாளையும் நல்லபடியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். சென்னை அயனாவரத்தில் பழைய வீடு, முதல் மாடி. இத்தனை வருடத்தில் அவன் வீட்டுக்குள் ஒரு தடவைகூடச் சிறுநீர் கழித்ததில்லை. தெருவுக்குத்தான் போக வேண்டும், அதுவும் அடிக்கடி. அடக்கினால் அவனுக்குச் சிறுநீர்ப்பையில் கல் கட்டும். ஊரடங்கில் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கலாமா என்று யாரிடம் கேட்பது? கேட்கவில்லை. காலை 5 மணிக்கு இறங்கினோம். ரோந்து வந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், அவன் நரைத்த மூக்கைப் பார்த்தார், "சீக்கிரம் முடிச்சிட்டு மேலே போங்க" என்றார்.

5 ஏப்ரல், ஞாயிறு

இன்று இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்து 9 நிமிடம் அகல் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் பட்டாசும் வெடித்தார்கள். தெருநாய் செவலை நடுங்கிப்போய் ஆட்டோவுக்கு அடியில் புகுந்துவிட்டது. பாவம், ஏற்கெனவே டீக்கடையும் கையேந்தி பவனும் மூடியதில் அதற்குச் சாப்பாடே இல்லை. டிப்பு அத்தனை வெடிக்கும் அசையாமல் தூங்கினான். அவனுக்குக் காது கேட்காது.

டால்மேஷன்களுக்குப் பிறவியிலேயே இந்தக் குறை அதிகம். அமெரிக்காவில் பரிசோதித்த வரைக்கும் 100-க்கு 30 நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. வெள்ளைத் தோலுக்கு எது காரணமோ அதுவேதான் இதற்கும் காரணம். உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அங்கிருக்கிற நரம்புச் செல்கள் அழிந்துபோகின்றன. டிப்புவுக்கு ஒரு காது கேட்டுக்கொண்டிருந்தது. போன வருடம் அதுவும் போய்விட்டது. அதிலிருந்து எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், முன்னால் நீட்டினால் இரு. தூரத்தில் இருந்தால் ஹால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம், எழுந்து வருவான்.

9 நிமிடம் முடிந்து அம்மா விளக்கைப் போட்டாரா, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து வந்து அம்மா முன்னால் நின்றான். அந்த நேரத்தில் எதற்காகக் கூப்பிட்டோம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அம்மா ஒரு துண்டு கேரட் கொடுத்து அனுப்பினார்.

மாஸ்க்தான் அவனுக்குப் பெரிய குழப்பம். காது போனபிறகு அவன் முகத்தைப் படித்துத்தான் எல்லாம் தெரிந்துகொள்கிறான். பாதி முகம் மறைந்ததும் தெரிந்தவர்களையும் பார்த்துப் பின்வாங்குகிறான். நான் வெளியிலிருந்து வந்தால் வாசலிலேயே மாஸ்க்கைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கைகழுவப் போகிறேன்.

25 ஏப்ரல், சனி

நாளையிலிருந்து 4 நாள் சென்னையில் முழு அடைப்பு. காய்கறிக் கடைகளில் இன்று இருந்த கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். டிப்புவுக்கு முட்டை, தயிர், பன்னீர், சுரைக்காய், பூசணி, கேரட் வாங்க வேண்டியிருந்தது. கல்லுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மூட்டையில் வரும் நாய் உணவு எந்தக் கடையிலும் வரவில்லை. லாரி வந்தால்தான் என்கிறார்கள்.

கறிக்கடைக்காரர் நல்ல மனிதர். "நாய்க்குத்தானே, ஈரல் சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார். வேறு எந்த நாய்க்கும் அது விருந்து, இவனுக்கு விஷம். ஏன் என்று நின்று விளக்கிச் சொல்ல இன்று நேரமில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். டால்மேஷன் வளர்க்கும் யாருக்காவது உதவும்.

ஈரல், கிட்னி, மத்தி, நெத்திலி இவற்றிலெல்லாம் பியூரின் என்ற பொருள் அதிகம். அது உடம்பில் உடையும்போது யூரிக் அமிலமாகிறது. மற்ற நாய்களின் கல்லீரல் அதையும் மாற்றி, தண்ணீரில் எளிதாகக் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக்கி வெளியேற்றிவிடும். டால்மேஷன் கல்லீரலிலும் அப்படி மாற்றுகிற நொதி இருக்கிறது. ஆனால் யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வாசல் வேலை செய்வதில்லை. எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் இறங்கி, சிறுநீர் கெட்டியானால் மணலாகி, பிறகு கல்லாகிறது. பெண் நாய்க்குச் சின்னக் கல் வெளியே வந்துவிடும். ஆண் நாய்க்குக் குழாய் குறுகல், ஆண்குறிக்குள் இருக்கும் எலும்பை ஒட்டிய இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மருந்து மட்டும் போதாது. ஈரலையும் கொடுத்து அலோபூரினாலும் கொடுத்தால் சாந்தீன் என்ற வேறு வகைக் கல் வரும். எனவே ஈரல் கூடவே கூடாது. அதோடு கண்டிப்பாக வேண்டியது தண்ணீர். அம்மா சோற்றைக் குழைத்து, உப்பில்லாமல், மோர் விட்டுக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுக்கிறார். சிறுநீர் வெளிறி இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது என் வேலை.

6 மே, புதன்

கோயம்பேடு மார்க்கெட்டை நேற்று மூடிவிட்டார்கள். அங்கே போய்வந்த ஒருவருக்கு எங்கள் தெருவில் பாசிட்டிவ். இரண்டு முனையிலும் தகரம் அடித்து, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

பவுடர் மேல் டிப்பு நடந்தால் பாதத்தை நக்குவான். வேறு வழியில்லாமல் மொட்டைமாடிக்கு ஏற்றினேன். பின்னங்கால் இரண்டும் பலவீனம், படி குறுகல். பழைய டவலை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் மெதுவாக ஏறுகிறான். மேலே போய் நின்றுகொண்டு ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கு அது வீடு. காலை முழுக்க அடக்கியிருந்தான், எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம்தான் விளக்குக் கம்பம் ஞாபகம் வந்தது. தெருமுனைக் கம்பத்தடியில் ஒரு செங்கல் கிடக்கும். வருடக்கணக்காக அவனும் செவலையும் ஊரில் உள்ள மற்ற நாய்களும் கால் தூக்கும் செங்கல். குப்பை எடுக்க வந்த அக்காவிடம் மேலிருந்து கேட்டேன். அவர் சிரிக்காமல், அதைக் கையுறையோடு எடுத்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். மாடி மூலையில் மண்ணைக் கொட்டி அதன்மேல் வைத்தோம். டிப்பு ரொம்ப நேரம் முகர்ந்தான். பிறகு கால் தூக்கினான். அம்மா முருகா என்று கைகூப்பினார்.

28 மே, வியாழன்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. வெயில் முடியவில்லை. தகரம் எடுத்தாயிற்று, மறுபடி தெருவில் நடக்கிறோம், விடிவதற்குள். வெள்ளை முடி உதிர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இனத்துக்கு அதற்குப் பருவமே கிடையாது.

21 ஜூன், ஞாயிறு

19-ஆம் தேதியிலிருந்து சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு. இன்று தளர்வே இல்லாத ஞாயிறு. சூரிய கிரகணமும் இன்றுதான்.

காலையில் கம்பத்தடியில் டிப்பு கால் தூக்கி நின்றான், நின்றான், ஒரு சொட்டுதான் விழுந்தது. இரண்டடி நடந்து மறுபடி நின்றான். வீட்டுக்கு வந்து நக்கிக்கொண்டே இருந்தான். வயிற்றில் கை வைத்தால் கெட்டியாக இருக்கிறது. டாக்டருக்கு வீடியோ கால் போட்டேன். பார்த்த உடனே, "அடைச்சிருக்கு, காத்திருக்கக் கூடாது, கிளம்புங்க" என்றார். சிறுநீர் போகாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தையே நிறுத்திவிடும்.

ஆட்டோ இல்லை. எதிர்வீட்டு பாயிடம் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி" என்று சாவியை எடுத்து வந்துவிட்டார். கிரகண நேரத்தில் வாசல்படி தாண்டாத அம்மா, கார்வரை அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நியூ ஆவடி ரோட்டில் தடுப்பு. அந்தப் பெண் காவலர் ஜன்னல் வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, "என்ன ஆச்சு அதுக்கு?" என்றார். சொன்னேன். தடுப்பைத் தானே இழுத்து ஒதுக்கினார்.

கிளினிக்கில் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை கவச உடை. டிப்புவுக்கு ஒரு முகமும் தெரியவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை, மேஜைமேல் கிடந்து நடுங்கினான். வழக்கமாக உள்ளே ஆளை விடுவதில்லை. டாக்டர் என்னை அவன் தலைமாட்டில், ஃபேஸ் ஷீல்டு மட்டும் போட்டு, முகம் தெரியும்படி நிற்கச் சொன்னார். உள்ளங்கையை நீட்டி 'இரு' என்று காட்டினேன். பிடித்த கையை நான் எடுக்கவே இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மயக்க மருந்து ஏறும்வரை கண்ணை எடுக்கவில்லை.

கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செருகி, சலைனை வேகமாகச் செலுத்தி, சிக்கிய கல்லைச் சிறுநீர்ப்பைக்கே திருப்பித் தள்ளினார். பிறகு தேங்கியது எல்லாம் வந்தது, ரத்தம் கலந்து. யூரிக் அமிலத்தால் வரும் இந்த யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. ஸ்கேனில் மூன்று சின்னக் கல் தெரிந்தன. ஆபரேஷன் வேண்டாம் என்பது டாக்டரின் முடிவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதல், வயதும் ஆகிவிட்டது. இந்த வகைக் கல்லை மருந்தாலும் உணவாலும் கரைக்க முடியும். கதீட்டரை இரண்டு நாள் வைத்திருந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பாய் அத்தனை நேரமும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

24 ஜூன், புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். இரவு இரண்டு மணிக்கும் ஒருமுறை கீழே இறக்குகிறேன். இப்போது நன்றாகப் போகிறது.

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் அறிஞர் ஒரு டால்மேஷனை பாயின்டர் இன நாயோடு ஒரே ஒரு முறை கலந்து, பிறகு வந்த தலைமுறைகளை எல்லாம் டால்மேஷனோடு மட்டும் சேர்த்துவந்திருக்கிறார். பார்க்க அசல் டால்மேஷன், யூரிக் அமிலக் கோளாறு மட்டும் இல்லை. ஆனால் இனத்தூய்மை போய்விடும் என்று நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்த நாட்டு கென்னல் கிளப் நீண்டகாலம் ஏற்க மறுத்து, 2011-இல்தான் முழுமையாகச் சேர்த்துக்கொண்டது. படித்ததும் கோபம் வந்தது. புள்ளி கொஞ்சம் மங்கினால் என்ன? மேஜைமேல் கிடந்து நடுங்கிய உயிரை விடவா புள்ளி பெரிது? நாய் வாங்க நினைப்பவர்கள் புள்ளி அழகை மட்டும் பார்க்காமல், தாய் தகப்பனுக்குக் கல் வந்ததா, காது கேட்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

19 ஜூலை, ஞாயிறு

தளர்வில்லாத இன்னொரு ஞாயிறு. மொசைக் தரையில் டிப்புவின் கால் வழுக்குகிறது, எழும்போது பின்கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடுகிறது. ஹாலிலிருந்து வாசல்வரை சணல் சாக்குகளைத் தைத்து விரித்திருக்கிறோம். அம்மாவின் தையல். சாக்கை விட்டு வெளியே அவன் காலே வைப்பதில்லை. குதிரை வண்டிக்குப் பக்கத்திலேயே மைல்கணக்கில் ஓடுவதற்காக இங்கிலாந்தில் வளர்த்த இனம் இது. அவனும் ஒரு காலத்தில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் என் சைக்கிளை முந்திக்கொண்டு ஓடியவன்தான். இப்போது தெருமுனைவரை, அதுவும் நின்று நின்று. அவன் வேகத்துக்கு நடந்தால் எனக்குத் தெரியாமலே இருந்த பல விஷயங்கள் கண்ணில் படுகின்றன. நாலாவது வீட்டு முருங்கை பூத்திருக்கிறது. செவலை குட்டி போட்டிருக்கிறது. அதற்கும் ஒரு கிண்ணம் மோர்ச்சோறு கொண்டுபோகிறோம்.

1 செப்டம்பர், செவ்வாய்

இன்றிலிருந்து மாநிலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம், பஸ் ஓடுகிறது. திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஊர் திறப்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மதியம் 1 மணியைப் பற்றித்தான் கவலை. அம்மாவால் 24 கிலோவை டவலில் தூக்கிப் பிடித்துப் படி இறக்க முடியாது.

பாய் மகன் கல்லூரிப் பையன். கல்லூரி இன்னும் திறக்கவில்லை, ஆன்லைன் வகுப்புதான். கேட்டதுமே "நான் பார்த்துக்கிறேன் அண்ணா" என்றான். மாலை வந்து ஜாடைகளைக் கற்றுக்கொண்டான். டவலை எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் படியில் நிற்க விட வேண்டும், சொட்டுச் சொட்டாக வந்தால் உடனே எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

9 செப்டம்பர், புதன்

ஸ்கேன் எடுத்தோம். இரண்டு கல் கரைந்துவிட்டன, மூன்றாவது மிகவும் சிறுத்துவிட்டது. கிரியாட்டினினும் இறங்கியிருக்கிறது. டாக்டர் மருந்து அளவைக் குறைத்திருக்கிறார், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்கிறார்.

மதிய நடை நன்றாகப் போகிறதாம். பையன் மாடிப்படி ஏறும்முன் மாஸ்க்கை இறக்கி முகம் காட்டுகிறான், டிப்பு வால் ஆட்டிக்கொண்டு சாக்குமேல் நடந்து வாசலுக்கு வந்துவிடுகிறான் என்று அம்மா சொன்னார். ஆன்லைன் வகுப்புக்கு நடுவில் அவன் வெறும் வயிற்றோடு வந்துபோவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நாளையிலிருந்து மதியம் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறாராம்.