டெட் குழுவில் கேலி செய்தால் என்ன பதில் சொல்வது?

டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் எனக்கு 150-க்கு 84 மதிப்பெண். ரிசல்ட் வந்த அன்று, நாங்கள் சேர்ந்து படித்த டெலிகிராம் குழுவில் சந்தோஷமாகப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர், "90 எடுக்க வக்கில்லாதவங்க எல்லாம் டீச்சரா?" என்று கேட்டார். இன்னொருவர், "இது மார்க் இல்ல, பிச்சை" என்றார். கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்டிக்கர்கள். அப்புறம் நான் என்ன சாதியாக இருப்பேன் என்று ஊகிக்க ஆரம்பித்தார்கள். அத்தனை பேரும் நாளைக்கு வகுப்பறைக்குப் போகப் போகிறவர்கள்.

இப்போது தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் இதே மாதிரி அடிபட்டு நொந்துபோய் என்னிடம் பேசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதில் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கேலி செய்தவருக்கு என்று நினைத்தால் கை தானாக வசவைத்தான் தட்டும். அந்தக் குழுவில் பேசியது நாலைந்து பேர். வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம். அதே போல 83, 85 எடுத்துவிட்டு வெளியே சொல்லக் கூசியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். நான் அவர்களை மனதில் வைத்து எழுதினேன். குழுவில் நேராகத் தட்டாமல் போன் நோட்ஸில் எழுதி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து திரும்பப் படித்தேன். கோபத்தில் வந்த வரிகளை எடுத்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வை 2014-இல் தமிழ்நாடு அரசு கொடுத்தது. 150-இல் 55 சதவீதம் 82.5, அதை 82 என்று வைத்தார்கள். இந்தத் தளர்வு செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. நான் விதிப்படி தேர்ச்சி பெற்றிருக்கிறேன். சாதியை ஊகிக்கும் பதிவுகளை அட்மின் நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

"உங்க மார்க் என்ன சார்?" என்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மார்க்கை வைத்து ஆளை எடை போடலாம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பிறகு வந்த சீண்டல் எதற்கும் பதில் போடவில்லை. தோழி ஒருத்தி, "நாம நாலு பேர் சேர்ந்து அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடலாம் அக்கா" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனாலும் வேண்டாம் என்றேன். டெட்டில் 30 மதிப்பெண்ணுக்கு உளவியல் படிக்கிறோம். 1961-இல் உளவியலாளர் பந்துரா செய்த போபோ பொம்மை ஆய்வு அதில் அடிக்கடி வரும் பகுதி. பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அடித்தார்கள். அடிக்கும்போது அவர் சொன்ன வார்த்தைகளைக்கூட அப்படியே சொன்னார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்காக மட்டும் படித்துவிட்டுப் போகிற விஷயமா அது?

மரியாதையாக நடப்பது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துப்போவது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. புகார் கொடுப்பதும் மரியாதையான பதில்தான். அதற்கு ஆதாரம் வேண்டும். டெலிகிராமில் அனுப்பியவர் தன் பதிவை அழித்தால் தடயமே இருக்காது. வாட்ஸ்அப்பில் அழித்தது மட்டுமாவது தெரியும். அதனால் பதில் எழுதுவதற்கு முன்பே, தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அவருடைய புரொஃபைலைத் திறந்து பயனர் பெயரையும் எடுங்கள், ஏனென்றால் குழுவில் தெரியும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம்.

வெறும் கேலி என்றால் அட்மினோடு முடித்துக்கொள்ளலாம். மிரட்டல், படத்தை ஆபாசமாக மாற்றிப் போடுவது, போலிக் கணக்கு என்று போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். உதவி எண் 1930. தனிச்செய்தியில் விடாமல் தொல்லை கொடுத்தால், "இனி எனக்கு எழுத வேண்டாம்" என்று தெளிவாக ஒரு தடவை எழுதுங்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் தொடர்ந்து தொந்தரவு செய்தால், அது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். அந்த ஒரு வரி உங்கள் கையில் சான்றாக இருக்கும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பிலும் பேச வேண்டியிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பி.எட். படித்த எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தன்னை ஸ்டிக்கராக்கிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்து நிற்கும்போது, "போனைப் பார்க்காதே" என்று அனுப்பிவிடுகிறோம். பயிற்சிக்குப் போன பள்ளியில் அப்படி ஒருவன் வந்தான். நான் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லிக்கொடுத்து, வகுப்பு ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அவன் நோட்டில் எழுதிக்கொடுத்தேன்.

"குழுவை விட்டு வெளியே வந்தால் நோட்ஸ் கிடைக்காதே அக்கா" என்றுதான் பலரும் அவமானத்தைச் சகித்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். வெளியே வாருங்கள். இரண்டாம் தாளுக்கு அடிப்படை ஆறு முதல் எட்டு வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள்தான். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறிவிப்பும் விடைக்குறிப்பும் ஆசிரியர் தேர்வு வாரியத் தளத்தில் வந்துவிடும். நம்பிக்கையான இரண்டு மூன்று பேரோடு சின்னதாக ஒரு குழு வைத்து, தினமும் ஒரு பாடம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.