டுப்ரோவ்னிக்: மதிலில் எந்த வாசலில் ஏறுவது?

குரோஷியாவின் கடலோர நகரமான டுப்ரோவ்னிக் போகிறவர்களில் பலரும், பழைய நகரின் மேற்கு வாசலான பீலேயில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் படியிலேயே நகரைச் சுற்றியுள்ள மதிலில் ஏறிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மதில்மேல் ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். பீலேயில் ஏறினால் முதலில் கடலோரம் வரும். இருப்பதிலேயே உயரமான மின்ச்சேட்டா கோபுரம் கடைசியில் வரும். வெயிலில் நடந்து கால் ஓய்ந்த பிறகு அந்தப் படிகளில் ஏறுவது கொடுமை. கிழக்கே ப்ளோச்சே வாசலுக்குப் பக்கத்திலும் ஒரு நுழைவு உண்டு. அங்கே தொடங்கினால் பெரிய ஏற்றம் குளிர்ச்சியான நேரத்திலேயே முடிந்துவிடும், கூட்டமும் குறைவு.

மதிலின் நீளம் 1,940 மீட்டர். நின்று பார்த்து நடக்க 2 மணி நேரம் வையுங்கள். நிழல் அநேகமாக இல்லை. கோடையில் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். க்ரூஷ் துறைமுகத்தில் பயணிக் கப்பல்களிலிருந்து இறங்குபவர்கள் வந்து சேர்ந்துவிட்டால் குறுகலான இடங்களில் வரிசையில் ஊர வேண்டியதுதான். பாதியில் கீழே இறங்கினால் அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது. அதனால் தண்ணீரை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஒனோஃப்ரியோ நீரூற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த 15-ஆம் நூற்றாண்டு ஏற்பாட்டின் முனை அது. மதில் டிக்கெட் வாங்கும் முன் நகரப் பாஸின் விலையையும் பாருங்கள். மதிலோடு அருங்காட்சியகங்களும் நகரப் பஸ்ஸும் அடங்கிய பாஸ், தனி மதில் டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் லாபம். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவில் யூரோதான். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் அன்றிலிருந்துதான்.

மின்ச்சேட்டா உச்சியில் நின்று கூரைகளைக் கவனியுங்கள். சில ஓடுகள் மங்கி, மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். மற்றவை ஒரே சீரான செம்மஞ்சள் நிறம். அந்தப் புதிய ஓடுகளில் பெரும்பகுதி குரோஷிய விடுதலைப் போரில், யூகோஸ்லாவிய ராணுவத்தின் 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த பிறகு மாற்றியவை. அழகான காட்சி என்று படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், எத்தனை கூரைகள் புதியவை என்று எண்ணிப் பாருங்கள்.

கீழே இறங்கியதும் பழைய நகரின் முக்கியத் தெருவான ஸ்ட்ராடூன். அதன் சுண்ணாம்புக்கல் தளம் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி போல மின்னும். மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ அவசியம். 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்குள்ள வீடுகளை ஒரே அச்சில் கட்டினார்கள். கடை வாசல்களை நெருங்கிப் பாருங்கள். கதவும் சன்னலும் ஒரே வளைவுக்குள் இருக்கும்; சன்னலின் அடிக்கல் நீண்டு, சாமான் எடுத்துக் கொடுக்கும் மேசையாகும். வாங்குபவர் தெருவில் நிற்க, வியாபாரி உள்ளிருந்தே விற்கலாம்.

வியாபாரம்தான் இந்த ஊரின் உயிர். சுங்கச்சாவடியாக இருந்த ஸ்போன்சா மாளிகையின் முற்றத்தில், ஒரு வளைவின்மேல் லத்தீன் வாசகம் ஒன்று உண்டு: எங்கள் எடைகள் ஏமாற்றவும் விடா, ஏமாறவும் விடா, நான் சரக்கை நிறுக்கையில் கடவுள் என்னை நிறுக்கிறார். கப்பல்கள் சரக்கோடு கொள்ளைநோயையும் கொண்டுவரும் என்பதால், நோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒரு மாதம் வெளியே தங்கிய பிறகே நுழையலாம் என்று 1377-இலேயே சட்டம் போட்டார்கள். பின்னாளில் அதற்காகக் கட்டிய லாசரேட்டி கட்டடங்கள் ப்ளோச்சே வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்கின்றன.

தங்குமிடம் பழைய நகருக்குள் என்றால், வாசலிலிருந்து எத்தனை படி என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். உள்ளே வண்டி வராது. ஸ்ட்ராடூனுக்கு வடக்கே உள்ள சந்துகளெல்லாம் செங்குத்தான படிக்கட்டுகள். சக்கரப் பெட்டியைத் தூக்கித்தான் ஏற வேண்டும்.

மதில் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். பீலேக்கு வெளியே பாறைமேல் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டைக்கும் அதுவே செல்லும். அங்கே போனால் சுவர்களின் கனத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரி தாக்கக்கூடிய பக்கம் சுமார் 12 மீட்டர் வரை. நகரைப் பார்த்த பக்கம் வெறும் 60 சென்டிமீட்டர். கோட்டைத் தலைவனே துரோகம் செய்தால், நகரத்திலிருந்து சுட்டு உடைத்துவிடலாம் என்பதற்காக.