கதவில்லாத லாரி

6 அக்டோபர் 2024, ஞாயிறு

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சித்தி பையன் தன் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் வி.ஆர். (மெய்நிகர் உலகம்) கருவியை, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். போட்டால் அவனுக்குத் தலை சுற்றுகிறதாம். எனக்கு வி.ஆருக்கென்றே எடுத்த கேம்களில் பெரிய ஆசை இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடைக் கணக்கில் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த சாதா கம்ப்யூட்டர் கேம்கள் அறுபதுக்கு மேல் கிடக்கின்றன. அதற்குள்ளேயெல்லாம் இறங்கி நின்றால் எப்படியிருக்கும் என்பதுதான் யோசனை.

இன்றைக்குச் சுலபமான வழி மட்டும் பார்த்தேன். இருட்டு ஹாலில் பெரிய திரை, அதில் கேம் ஓடும். தியேட்டரில் முதல் வரிசை டிக்கெட் கிடைத்த மாதிரி அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் எழுத்து மங்கல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இந்த ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளிகள். கேட்க நிறைய. அதைச் சுமார் 110 டிகிரி அகலத்துக்கு இழுத்து விரிக்கிறார்கள், ஆக ஒரு டிகிரிக்கு 25 புள்ளிக்குள்தான் வருகிறது. மேசை மேல் இருக்கும் என் பழைய 24 அங்குல மானிட்டரில், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால், 40 வரும். பெரிதாகத் தெரிகிறது, தெளிவாகத் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு காசு?

8 அக்டோபர், செவ்வாய்

கம்ப்யூட்டரில் ஓடும் கேம் ஹெட்செட்டுக்கு வந்து சேர வயர் வேலை. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள், ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ரவுட்டரைக் கூடத்திலிருந்து என் அறைக்கு மாற்றியதில், சீரியல் நேரத்தில் டி.வி.க்கு நெட் போய்விட்டது என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. சி.பி.யூ.வுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அம்மா ஹெட்செட்டைத் திருப்பி லென்ஸின் நடுவில் விரலை வைக்கப் போனார். நல்லவேளை, பிடித்துவிட்டேன். பொட்டு நெற்றிப் பக்கம்தான்.

13 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்குத்தான் நிஜமாக உள்ளே போனேன்.

யூ.ஈ.வி.ஆர். என்று ஒரு மோட், அதாவது ஏற்கெனவே வந்த கேமோடு ஒட்டி அதை மாற்றும் புரோகிராம். பிரேடாக் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் இந்த ஜனவரியில் இலவசமாக வெளியிட்டார். அன்ரியல் எஞ்சின் என்ற, கேம் செய்யும் மென்பொருளில், 4.8 முதலான பதிப்புகளில் செய்த பெரும்பாலான கேம்களை இது வி.ஆருக்குள் கொண்டுவந்துவிடும். அது எப்படி முடிகிறது என்றால், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் வரையும் வழி அந்த எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கேம் செய்தவர்கள் அதைத் தொடவே இல்லை. வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் போட்டு, குழாய் மாட்டாமல் விட்ட கதை. இந்த மோட் குழாயை மாட்டித் திருகிவிடுகிறது. (ஆன்லைனில் மற்றவர்களோடு மோதும் கேம்களில் இதைப் போடக் கூடாது. திருட்டு ஆட்டம் என்று கணக்கையே முடக்கிவிடுவார்கள்.)

எடுத்தது ஸ்ட்ரே. 2022இல் வந்தது, நாம்தான் பூனை. மானிட்டரில் ஒருமுறை முழுசாக விளையாடி முடித்திருக்கிறேன். அதே மழை, அதே ஒதுங்கி நிற்கும் பூனைகள். ஆனால் அவை என் கணுக்காலுக்குப் பக்கத்தில் நின்றன. ஆஞ்சநேயரைக் காலண்டரில் பார்ப்பதற்கும், இங்கே எங்கள் ஊர்க் கோயிலில் அந்தப் பதினெட்டடி சிலைக்கு முன்னால் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். உருவம் ஒன்றே, அளவு இப்போதுதான் தெரிகிறது.

அளவை நாமே மாற்றவும் செய்யலாம். கன்ட்ரோலரின் இரண்டு கட்டைவிரல் குச்சிகளையும் ஒன்றாக அழுத்தினால் மெனு வருகிறது, அதில் உலக அளவு என்று ஒரு எண். அதை நகர்த்த நகர்த்த பூனை கன்றுக்குட்டி ஆகிறது, பிறகு பொம்மை ஆகிறது. அரை மணி நேரம் இதிலேயே போனது. பூனை ஓர் அடி கூட நகரவில்லை.

அப்புறம் ஆசை வந்து கேமராவை முன்னால் தள்ளிக்கொண்டே போனேன், பூனையின் கண் வழியாகப் பார்க்கலாமென்று. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. பூனையின் தலைக்குள் இருந்தேன். தோலைக் காணோம். இரண்டு கண்விழிகளும் ஒரு பல்வரிசையும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, என் மூக்குக்கு நாலு அங்குலம் முன்னால். கேமில் எந்தப் பரப்பையும் வெளிப்பக்கம்தான் வரைவார்கள். உள்ளேயிருந்து யாரும் பார்க்கப் போவதில்லை என்று வேலையை மிச்சம் பிடிப்பார்கள். சுவருக்குள் தலையை நீட்டினாலும் இதே கதைதான், சுவர் மறைந்து அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை. சாமி புறப்பாட்டில் அலங்காரம் முன்பக்கம் மட்டும் ஜொலிக்கும், பின்னால் போனால் மூங்கில் பிளாச்சும் சணல் கயிறும். சின்ன வயதில் நான் வேண்டுமென்றே பின்பக்கம் போய் நிற்பேன். இன்றைக்கும் அதையேதான் செய்திருக்கிறேன், பூனைக் கதையை ஒரு அத்தியாயம் தாண்டவில்லை.

14 அக்டோபர், திங்கள்

வேறொரு கேம், முதல் நபர் பார்வையில் ஓடிச் சுடுவது. பெயர் வேண்டாம், பிழை அதனுடையது இல்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். வாந்தி வரவில்லை, ஆனால் வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

காரணம் இரண்டு. ஒன்று என் கம்ப்யூட்டரில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு. 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படமாக ஓட வேண்டுமென்றால் 11 மில்லி செகண்டுக்குள் இரண்டு கண்ணுக்கும் படம் தயாராக வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 பாவம், மூச்சிரைக்கிறது. மானிட்டரில் ஒரு ஃபிரேம் தவறினால் படம் லேசாக வெட்டும், அவ்வளவுதான். இங்கே தவறினால் நான் தலையைத் திருப்பிய பிறகு உலகம் மெதுவாகப் பின்னால் வருகிறது. இரண்டாவது, குச்சியைத் தள்ளித் திரும்புவது. கண் திரும்பிவிட்டேன் என்கிறது, காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் நான் அசையவே இல்லையே என்கின்றன.

படுத்திருந்ததைப் பார்த்த அப்பா என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர், ரொம்ப யோசிக்கவில்லை.

"கொல்லிமலைக்கு லோடு ஏத்திட்டுப் போறப்போ புதுக் கிளீனர் பசங்க செம்மேடு போறதுக்குள்ள ரெண்டு தடவை எடுத்துருவானுங்க. எழுபது கொண்டை ஊசி வளைவு. டிரைவர் வாந்தி எடுத்து நான் பாத்ததில்ல சாமி. அவனுக்கு அடுத்த வளைவு தெரியும், ஸ்டியரிங் அவங்கையில இருக்குது."

எலுமிச்சம்பழம் ஒன்றை உருட்டிவிட்டுப் போனார், முகர்ந்து பார்க்கச் சொல்லி.

20 அக்டோபர், ஞாயிறு

இடையில் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துப் பழகினேன். காற்று ஒரே திசையில் அடிப்பதால் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று உடம்புக்குத் தெரிகிறது. இஞ்சி மரப்பாவும் வாங்கி வைத்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் விற்பது. குச்சியால் திரும்புவதை, தொடர்ந்து சுழலாமல் சட்டென்று வெட்டித் திரும்பும்படி மாற்றியதும் பாதி பிரச்சினை போயிற்று.

இன்றைக்கு ஹாஃப்-லைஃப் 2. 2004இல் வந்த கேம், ரசிகர் குழு ஒன்று 2022இல் அதற்கு வி.ஆர். மோட் வெளியிட்டது. கேம் கையில் இருந்தால் மோட் இலவசம். யூ.ஈ.வி.ஆர். போல எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்ததில்லை. இந்த ஒரு கேமுக்காக உட்கார்ந்து இழைத்தது. வித்தியாசம் முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ரயில் நிலையத்தில் அந்தக் காவலாளி தகரக் குவளையைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடு என்பான். இருபது வருஷமாக அதை ஒரு பட்டனால்தான் எடுத்திருக்கிறேன். இன்றைக்குக் குனிந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. கையை நீட்டிப் பிடித்து நிமிர்ந்தால், அவன் என்னைவிட உயரம்! முகமூடி என் முகத்துக்கு நேராக இருந்தது. மானிட்டரில் குவளையை அவன் மேலேயே எறிந்துவிட்டு ஓடுவேன், அது ஒரு விளையாட்டு. இன்றைக்குப் பேசாமல் தொட்டியில் போட்டுவிட்டேன்.

கை தனி, தலை தனி என்பதுதான் இதில் முக்கியம். மானிட்டர் கேமில் பார்வையும் துப்பாக்கியும் ஒரே குச்சியில் கட்டியவை. ஹாஃப்-லைஃப் 2 செய்த வால்வ் நிறுவனம் 2013இல் டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமை வி.ஆருக்குக் கொண்டுபோனபோது இதிலேதான் மாட்டிக்கொண்டது. தலை பார்க்கும் இடத்தில் குறி வைப்பதா, மவுஸ் காட்டும் இடத்திலா, இரண்டும் கலந்தா என்று பல விதமாக முயன்று பார்த்ததை, அந்த வேலையைச் செய்த ஜோ லுட்விக் அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் விவரித்தார். அப்போதைய ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 640க்கு 800 புள்ளிதான். அதில் எதிரி யார், மரம் எது என்றே எப்படிக் கண்டுபிடித்தார்களோ.

27 அக்டோபர், ஞாயிறு

ஆழத்தைக் கணக்குப் போட்டே முப்பரிமாணம் காட்டும் வகை மோட்களைப் பார்த்தேன். கேம் ஒரே ஒரு படம்தான் வரைகிறது. எந்தப் பொருள் எவ்வளவு தூரம் என்ற குறிப்பை வைத்து இரண்டாவது கண்ணுக்கான படத்தை மோட் ஊகித்துச் செய்கிறது. கார்டுக்குச் சுமை குறைவு. ஆனால் ஒரு ஆள் தூணுக்கு முன்னால் நின்றால், அவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மோட்டுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துப் புள்ளியை இழுத்துத் தடவிவிடுகிறது. எல்லோரையும் சுற்றி ஒரு பிசுபிசுப்பு. நீக்கிவிட்டேன்.

நிஜமாக இரண்டு படம் வரையும் மோட்களிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நேற்று ஒரு கேமில் மேசையின் நிழல் இடது கண்ணில் மட்டும் விழுந்தது. என்ன தப்பு என்று முதலில் புரியவே இல்லை, கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. ஹெட்செட்டைத் தொடவில்லை. சித்தப்பா பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் முகத்தில் படும் ரப்பரெல்லாம் எண்ணெய்.

10 நவம்பர், ஞாயிறு

நண்பனிடம் ஜி29 ஸ்டியரிங்கும் பெடலும் கடன் வாங்கி வந்தேன், யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேமுக்காக. பிராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012இல் வெளியிட்டது, வி.ஆர். வசதி இன்னும் சோதனை நிலையில் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கியது, சுவரோடு முட்டுக்கொடுத்தேன்.

அப்பாவை உட்காரச் சொன்னேன். கண்ணாடியோடு போட முடியுமா என்று கேட்டார். லென்ஸைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டு கண்ணுக்கும் இடையிலான தூரத்தைத் திருகி, "இப்பத் தெளிவா இருக்குங்களாப்பா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கேபினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே, பின்னால், படுக்கையை.

"படுக்கையெல்லாம் வெச்சிருக்கான். ஆனா என்னையக் கிளீனர் சீட்டுல உக்கார வெச்சிருக்கியேடா."

இடதுபக்க ஸ்டியரிங்! இங்கிலாந்து வண்டிக்கு மாற்றிக் கொடுத்தேன். வலதுபக்க ஸ்டியரிங், இடதுபக்க ரோடு. ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்திலிருந்து பர்மிங்காமுக்கு ஒரு லோடு.

முதல் புகார் ஸ்டியரிங். "ரெண்டரைச் சுத்துல முடிஞ்சுபோச்சு?" இரண்டாவது புகார், கையைக் காணோம். குனிந்து பார்த்தார், காலும் இல்லை. இந்த கேமில் டிரைவருக்கு உடம்பு கிடையாது, ஸ்டியரிங் தானாகச் சுற்றும். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் மானிட்டரில் ஓட்டும்போது எஃப்2 அழுத்திப் பின்பக்கம் காட்டும் கண்ணாடிகளைத் திரையின் மூலையில் கொண்டுவருவேன். அப்பாவுக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாது. கழுத்தைத் திருப்பினார், இடது, வலது, இடது. ரவுண்டானாவில் டிரெய்லரின் பின்சக்கரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்பினார். முன்பக்கம் மேலே ஒரு சின்னக் கண்ணாடி, பம்பருக்குக் கீழே இருப்பதைக் காட்டுவது. இருநூறு மணி நேரம் விளையாடியும் நான் அதைக் கவனித்ததில்லை. அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே அதைப் பார்த்து, "இது நல்ல ஏற்பாடு" என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறி வேகம் ஒரே சீராக வந்ததும் உடம்பு தளர்ந்தது. பின்னால் சாய்ந்தார். வலது முழங்கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்தார்.

கதவு அங்கே இல்லையே. முழங்கை கீழே போக, தோள் பின்னாலேயே போக, சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஓடிப் பிடிப்பதற்குள் மேசை விளிம்பில் முழங்கை இடித்துவிட்டது. கேமுக்குள் தலை லாரியின் ஜன்னல் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். "கண்ணாடி ஏத்தித்தான் இருக்குது, தலை ரோட்டு மேல இருக்குது" என்றார். அம்மா ஓடி வந்தார்.

ஹெட்செட்டைக் கழற்றி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "படுக்கை வெக்கத் தெரிஞ்சவனுக்குக் கதவு வெக்கத் தெரியல."

11 நவம்பர், திங்கள்

வீக்கம் இல்லை. தைலம் தேய்த்திருக்கிறார். இனிமேல் அப்பாவிடம் அதைக் கொடுக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு.

17 நவம்பர், ஞாயிறு

காலையில் அப்பாவே வந்து, "அந்த வண்டி இன்னும் நடுரோட்டுலயா நிக்குது?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் நாற்காலியை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியைப் போட்டேன். அவரை உட்காரவைத்து, முழங்கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தேன், தரையிலிருந்து 71 சென்டிமீட்டர். வலதுபக்கம் பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் அரிசி டின், அதன் மேல் பவானி ஜமக்காளம் நாலாக மடித்து. ஹெட்செட்டைப் போட்டதும் முழங்கையை மெதுவாக இறக்கினார். ஜமக்காளத்தில் பட்டது. இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பர்மிங்காமில் லோடு இறக்கிவிட்டு அடுத்தது பிரான்சுக்கு. டோவரில் கப்பல் ஏறினார். நான் காபி எடுத்துவரப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கலே துறைமுகத்தைத் தாண்டியிருந்தார், அபராதத் தொகை ஒவ்வொன்றாகத் திரையில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா இடதுபக்க ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, எதிரில் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஹெட்லைட் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தனுக்கும் ரோட்டுல போகத் தெரியல பாரு" என்றார் என்னிடம்.