அப்டேட்டுக்கு முந்தைய வேலை

வீடுகளுக்குப் போய் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்றானதும், வந்த அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருந்தன: "தம்பி, பதினொன்னு போட்டுக் குடுத்துடுங்க." விண்டோஸ் 11 போடுவது கஷ்டமில்லை. பட்டனை அழுத்தினால் அதுபாட்டுக்கு ஓடும். என் நேரமெல்லாம் போவது அதற்கு முன்னால்தான்.

"இதுல எது போனா திரும்பக் கிடைக்காது?" என்றுதான் முதலில் கேட்பேன். சட்டென்று பதில் வராது. பிறகு ஒவ்வொன்றாக வரும்: டாலி கணக்கு, பேத்தியின் காதுகுத்துப் படங்கள், கோயில் திருப்பணி வரவு செலவு. "எல்லாத்தையும் டி டிரைவ்ல காப்பி போட்டு வெச்சிருக்கேன்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். காப்பி வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகுதான் அதைக் காப்பி என்று ஒப்புக்கொள்வேன். அப்டேட் ஓடும்போது அது கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களிடம் 2018 அக்டோபரில் நடந்ததைச் சொல்வேன். அந்த மாதம் 2ஆம் தேதி விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வந்தது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. நவம்பர் 13ஆம் தேதிதான் மறுபடி வெளியிட்டது. காரணம், சிலருடைய டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தவை அழிந்துபோயின. அந்த ஃபோல்டர் இருக்கும் இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தவர்கள் அவர்கள். இடம் மாறினாலும் பழைய ஃபைல்கள் சில பழைய இடத்திலேயே தங்கியிருந்தன. அந்தப் பழைய ஃபோல்டரைத் தேவையில்லாதது என்று எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்ததையும் சேர்த்து அப்டேட் நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தத்தில் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிலரில் ஒருவருக்குப் போனது அவருடைய எல்லாமும்தான். அதனால் டாகுமென்ட்ஸ் எங்கே காட்டுகிறது என்று பார்ப்பதோடு நிறுத்த மாட்டேன். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளும் போய்த் தேடுவேன். டெஸ்க்டாப்பில் கிடப்பவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குப் புதிய செய்தி.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பதினொன்றுக்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் எல்லாம் தேவை என்பதால், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் கைவைக்க வேண்டி வரும். லேப்டாப்பில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் அந்த எண் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லேப்டாப் தொடங்கப்பட்டதோ அதில் இருக்கும். அது யாருடைய கணக்கு என்பதுதான் சிக்கல். ஒரு வீட்டில், வாங்கிய கடையில் வேலை பார்த்த பையனின் மெயில் ஐடி இருந்தது; அவன் வேலையை விட்டே போய்விட்டான். நல்லவேளை, எதையும் தொடுமுன் பார்த்ததால் அந்த லேப்டாப் திறந்த நிலையிலேயே இருந்தது. மீட்பு எண்ணை அதிலிருந்தே எடுத்துத் தாளில் எழுதி, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை இன்றைக்கே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் மனப்பூர்வமான ஆசை.

கரண்ட் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. பேட்டரி செத்து, சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்பை யு.பி.எஸ். இல்லாமல் தொடுவதில்லை.

தமிழில் டைப் அடிப்பவர் வீட்டில் இன்னொன்றும் பார்ப்பேன். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இருப்பதன் மேலேயே அப்டேட் செய்தால் எழுத்துருக்கள் வழக்கமாக அப்படியே இருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இருக்காது. அதனால் எழுத்துருக்களையும் சேர்த்தே காப்பி எடுப்பேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல வருடங்களாகத் தட்டச்சு செய்த பாட உரைகள் அப்படித்தான் பிழைத்தன.

பதினொன்றுக்குத் தகுதியில்லாத பழைய கம்ப்யூட்டரில் சோதனையைத் தாண்டிப் போடும் வழிகள் இருக்கின்றன. அடுத்தவர் கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்வதில்லை. அப்படிப் போட்டால் பிறகு அப்டேட்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பாதுகாப்புக்காகத்தானே இத்தனையும்.

முடிந்த பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. டிஸ்க் க்ளீனப்பில் பழைய பதிப்பை அழித்துவிட்டால் அதுவும் போய்விடும் என்பதால், இடம் போதவில்லை என்று காட்டினாலும் என்னைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவேன். அந்தப் 10 நாளுக்குள் பிரிண்டரில் ஒரு பக்கம், ஸ்கேனரில் ஒரு பக்கம், டாலியில் ஒரு பதிவு என்று வழக்கமாகச் செய்வதை எல்லாம் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன். ஒரு வாரம் கழித்து நானே போன் செய்து கேட்பேன்.