மாஸ்க்கும் மனப்பதற்றமும்

மார்ச் 4

தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டை அடைபடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை விழித்து, அட்ரினலின் பாய்ந்து, மூச்சுப்பாதை திறக்கிறது. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30-ஐ எட்டினால் கடுமையான நிலை. இரவெல்லாம் இப்படி உலுக்கி எடுக்கப்பட்டவர் பகலில் சிடுசிடுத்தால், 'அவர் குணமே அப்படித்தான்' என்று வீட்டில் சொல்வது அநியாயம்.

மார்ச் 6

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 வினாத்தாளில் 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அதில் எரிச்சல், நிலைகொள்ளாமை, உடம்பைத் தளரவிட முடியாமை என்ற மூன்றும் தூக்கம் கெட்டாலே வரும். அவற்றுக்கு மட்டுமே 9 மதிப்பெண் வரை விழலாம். ஆகவே சிகிச்சைக்கு முன் எடுத்த மதிப்பெண்ணை வைத்து யாரையும் பயந்தாங்கொள்ளி என்று முத்திரை குத்தாதீர்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் (CPAP) இயந்திரம் பழகியபின் மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால், பதற்றத்துக்கென்று தனியாகச் சிகிச்சை தேவை.

மார்ச் 11

மாஸ்க் போட்டதும் மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு:

முதலில் பகலில், ஹோஸை (காற்று வரும் குழாயை) கழற்றிவிட்டு, ஸ்ட்ராப் மாட்டாமல், மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நொடியும் எடுத்துவிடலாம் என்பது கைக்குத் தெரிந்தால் நெஞ்சு அடங்கும். பிறகு காற்றை ஓடவிட்டு அதேபோல். அடுத்து ஸ்ட்ராப் மாட்டி, உட்கார்ந்து படிக்கும்போது. கடைசியாகப் பகல் தூக்கத்தில். ஒரு படியில் பதறினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் பயம் இன்னும் ஊன்றிவிடும்.

குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றும் 'ராம்ப்' அமைப்பையும் இயந்திரத்தில் பாருங்கள். தொடக்க அழுத்தம் 4 செ.மீ. நீர் அளவில் இருந்தால் சிலருக்குக் காற்றே போதாது. திணறல் அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவரிடம் கேட்டு 5 அல்லது 6 ஆக்கினால் அடங்குவதுண்டு.

மார்ச் 12

மூக்கடைப்பு இருந்தால் மேற்சொன்ன எதுவும் எடுபடாது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மார்ச் 18

ஆளுமை பற்றி. எதையும் மோசமாக நினைத்துக் கவலைப்பட்டு, அதை வெளியேயும் சொல்லாதவர்களை 'டி வகை' என்பார்கள். இவர்கள் சிபாபை எதிர்ப்பதில்லை. சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிடுவார்கள். 'எப்படி இருக்கிறது?' என்றால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். 'நேற்று எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள்? கண்ணில் காற்று அடித்ததா?' என்று கேளுங்கள். இயந்திரத்தில் பதிவான மணிக்கணக்கையும் சேர்ந்தே பாருங்கள்.

மார்ச் 20

பதற்றத்துக்கென்று டயஸெபாம் போன்ற மாத்திரையைத் தானாகப் போட வேண்டாம். தொண்டைத் தசையைத் தளர்த்தும், விழிப்பையும் மந்தமாக்கும். ஏற்கெனவே எடுத்துவருபவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மூச்சுத்தடை இருப்பதைச் சொல்லுங்கள்.