கத்திரி வெயிலில் குளிர்நாட்டு ஒயின்

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் பெசன்ட் நகரில் நண்பர் வீட்டில் கூடும் எங்கள் ஐவர் குழு, இம்மாதம் முழுவதும் குளிர்ந்த தட்பவெப்பத்தில் விளைந்த ஒயின்களை மட்டுமே சுவைப்பது என்று முடிவு செய்திருப்பது, ஒருவகையில் வெயிலுக்குச் செய்யும் பரிகாரம்தான்.

முதல் பாட்டில் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளைந்த ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயின். கபினெட் எனப்படும் இலேசான வகை, ஆல்கஹால் 8.5 சதவீதம். முகர்ந்தபோது எலுமிச்சைத் தோலும், மழை விழுந்த கருங்கல் முற்றமும் நினைவுக்கு வந்தன. நாக்கில் முதலில் பட்டது மெல்லிய இனிப்பு. விழுங்குவதற்குள் தாடையின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறிவிட்டது. மெரினாவில் மிளகாய்த்தூள் தூவிய கிளிமூக்கு மாங்காயைப் பார்த்தாலே ஊறுமே, அதே ஊறல்.

பழுக்கும் திராட்சை தன்னிடமுள்ள, புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துக்கொண்டே வருகிறது; வெப்பம் கூடினால் அந்த எரிப்பும் விரைவுபடும். ஏறக்குறைய 50 பாகை வட அட்சத்தில், செங்குத்தான சிலேட்டுப் பாறைச் சரிவுகளில், இலையுதிர்காலம் வரை நிதானமாகப் பழுக்கும் ரீஸ்லிங்கில் சர்க்கரை ஏறினாலும் புளிப்பு போய்விடுவதில்லை. ஆண்டு முழுவதும் அறுவடை காணும் நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதற்கு, அந்தக் குளிர் வாய்க்கவில்லை. அதன் பெருமை மணத்தில் இருக்கிறது. இனிப்பான ஒயின் என்றாலே கற்றுக்குட்டிகளுக்கானது என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு இந்த ரீஸ்லிங்கில் ஒரு வாய் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மே 11, சனி

இன்றைய இழப்புக்கு நானே பொறுப்பு. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய, பிரான்சின் குளிர்ந்த ஷப்ளி பகுதியின் வெள்ளை ஒயின் பாட்டிலைக் காரின் டிக்கியில் வைத்ததை மறந்து, அண்ணா சாலைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் மதியம் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது தக்கை மூடிப் படலத்தை முட்டிக்கொண்டு மேலெழுந்திருந்தது. குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அதிகம் சுட்டது. சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் விளைந்த ஷார்டனே என்னும் திராட்சையின் ஒயினில் நாங்கள் எதிர்பார்த்தது உப்புக்காற்றின் சாயலும் கூரிய புளிப்பும். கிடைத்தது சர்க்கரையில் வேகவைத்த ஆப்பிளின் வாடை. வசந்தகால இரவுகளில் தளிர் கருகிவிடாமலிருக்க, ஷப்ளி விவசாயிகள் கொடிகளுக்கிடையே பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றுவார்கள். அல்லது நீரைத் தெளித்து மொட்டுகளின்மேல் பனிக்கட்டி உறையிட்டுக் காப்பார்கள். 2021 ஏப்ரலில் அவ்வளவு செய்தும் பெருஞ்சேதம் நேர்ந்தது. உறைபனிக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்த ஒயினை நான் வெயிலில் வேகவைத்துவிட்டேன்.

மே 18, சனி

அலுவல் நிமித்தம் பாரிஸ் சென்று திரும்பிய அக்கா மகன், ப்ரூட் எனப்படும் இனிப்பு மிகக் குறைந்த ஷாம்பெயின் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையின்றித் தலைக்கு இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம் என்பதால், அதில் எனக்கும் ஒரு பங்கு வைத்ததற்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

எவர்சில்வர் அண்டாவில் பனிக்கட்டியும் தண்ணீரும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு, பாட்டிலைக் கழுத்தளவு அமிழ்த்தினோம். உள்ளே ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம், அதாவது கார் டயரில் அடைக்கும் காற்றின் இரு மடங்குக்கும் மேல். ஆகவே தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மெல்லத் திருப்பினேன்; பெருமூச்சு போல ஓர் ஓசையுடன் திறந்தது. “என்ன மாமா, வெடிச்சத்தமே வரவில்லையே?” என்று அவன் கேட்டான். சத்தத்தோடு வெளியேறுவது நாம் காசு கொடுத்து வாங்கிய குமிழிதான் என்றேன்.

ஐந்து குவளைகளில் ஒன்றில் மட்டும் குமிழிகள் மந்தமாக இருந்தன. அது சோப்பு சரியாகக் கழுவப்படாத குவளை. பருத்தித் துணியால் துடைத்த மற்றவற்றில், கண்ணுக்குத் தெரியாத நூலிழைகளில் சிக்கிய காற்றிலிருந்து, ஒரே புள்ளியிலிருந்து கோர்த்துவிட்டதுபோல் மணிச்சரங்கள் ஏறிக்கொண்டிருந்தன.

ஷாம்பெயின் வட்டாரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 11 பாகை செல்சியஸ்தான். அந்தக் குளிரில் கிடைக்கும் கூரிய புளிப்புள்ள ஒயினைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து, குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடத்துகிறார்கள். அதில் 12 மாதமாவது இறந்த ஈஸ்ட்டோடு கிடக்க வேண்டும். அதன் விளைவை மேல்நாட்டார் ரொட்டி மணம் என்பார்கள். எனக்கோ விடியற்காலையில் பொங்கி நிற்கும் இட்லிமாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததுபோல் இருந்தது. சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்கவைக்கும் வழக்கத்தை லண்டனில் மருத்துவர் கிறிஸ்டோபர் மெரெட் 1662-இலேயே எழுதிவைத்திருக்கிறார். குமிழியின் தந்தை என்று பெயர்பெற்ற துறவி டோம் பெரிஞ்ஞோன் ஷாம்பெயின் வட்டாரத்தின் ஓவில்லேர் மடத்துக்கு வந்ததே 1668-இல்தான்.

தொட்டுக்கொள்ள, சட்னியில்லாமல் சுடச்சுட மெதுவடையும் நெத்திலி வறுவலும் வைத்தோம். எண்ணெய்ப் பிசுக்கை ஒவ்வொரு மிடறும் கழுவிவிட, உப்பு அடுத்த மிடறைக் கேட்டது. ஆவக்காயை ஒருவர் தட்டில் எடுத்து வைத்த நிமிடமே ஷாம்பெயின் வெறும் சோடாவாகிவிட்டது. கடைசிக் குவளையைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து வைத்துக் கால்மணி நேரம் காத்தபின் பருகியபோதுதான் முந்திரியும் வெண்ணெயும் தலைகாட்டின. உறையுமளவு குளிரவைத்துக் கொடுக்கும் விடுதிகள் பாதி மணத்தை நமக்குத் தராமலே பில்லை மட்டும் முழுதாகத் தருகின்றன.

மே 28, செவ்வாய்

கத்திரி முடிந்ததாம், மாலையில் கடற்காற்று தாமதமாகத்தான் வந்தது. சனிக்கிழமைக்கு ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த தீவான டாஸ்மேனியாவிலிருந்து பினோ நுவார் என்னும் சிவப்பு ஒயின் ஒன்று வந்திருக்கிறது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற விதியை எழுதியவர் சென்னை அறையைப் பார்த்ததில்லை. ஆகவே பாட்டிலைக் குளிர்பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்னால் எடுத்தால் போதும்.