பிரிக்காமலே இருந்த பாவாடை ஓரம்

இரண்டாம் வகுப்பில் என் மகளுக்கு எடுத்த யூனிஃபார்ம் பாவாடையை, வளர வளரப் பிரித்துவிடலாம் என்று ஓரத்தில் நான்கு விரல் உள்ளே மடித்துத் தைத்திருந்தேன். நான்காம் வகுப்பு வந்தும் அந்த மடிப்பைப் பிரிக்கத் தேவையே வரவில்லை. இடுப்பு மட்டும் இறுகுகிறதே என்று கொக்கியை நகர்த்தித் தைத்தேன், உயரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் 154 செ.மீ., அவள் அப்பா 168. அதனால் "உன்னைக் கொண்டிருக்கா, வயசுக்கு வந்தா கிடுகிடுன்னு வளந்துருவா" என்று அத்தை சொன்னார்கள். முதலில் காட்டிய மருத்துவரும் கிட்டத்தட்ட அதையே சொல்லி, ஒரு சத்துப் பவுடர் டின்னை எழுதிக் கொடுத்தார், அளந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் குடித்தாள். எடைதான் ஏறியது.

என்னைப் பயமுறுத்தியது அடுக்களைக் கதவு நிலையில் இருந்த பென்சில் கோடுகள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் அப்பா போடுவது. 7 வயதில் 109, 8இல் 112, 9இல் 114. கடைசி இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு இருந்தன. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் போனோம்.

அங்கே முதல் வேலை அளப்பதுதான். நர்ஸ் அவள் தலையில் இருந்த கொண்டையை அவிழ்த்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலும் முதுகும் பலகையோடு ஒட்ட நிறுத்தி, நேராகப் பார்க்கச் சொல்லி, மூன்று முறை அளந்தார். பிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "போன வருஷம் எவ்வளவு வளந்தா?" என்பது. நல்லவேளை, கையில் அந்தப் படம் இருந்தது. நாலு வயசுக்கு மேல பருவமடையும்வரை வருஷத்துக்கு 5 செ.மீ. வாக்கில் வளர வேண்டும், 4க்குக் கீழே போனால் காரணம் தேடியே ஆக வேண்டும் என்றார். அப்புறம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பெண்ணென்றால் 13 கழித்து, பையனென்றால் 13 கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 154.5 வந்தது. பெரியவளானதும் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு வர வேண்டிய பிள்ளை, வயதுக்கான வரைபடத்தில் கடைசிக் கோட்டுக்கும் கீழே நின்றாள். "அம்மா மாதிரி" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

ரத்தப் பரிசோதனை, இடது கைக்கு ஒரு எக்ஸ்ரே. பெண் குழந்தை குட்டையாக இருந்து வேறு காரணம் கிடைக்காவிட்டால் குரோமோசோமும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு அது வரை போகவில்லை. தைராய்டு சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன் டி.எஸ்.எச்., சுரப்பி மந்தமானால் இது ஏறுமாம்; 5க்குள் இருக்க வேண்டியது 100ஐத் தாண்டியிருந்தது. தைராய்டு சுரப்பி வேலையே செய்யவில்லை. மலச்சிக்கல், எப்போதும் தூக்கம், ஃபேன் போட்டால் குளிருது என்பது, எல்லாம் அதனால்தானாம். சோம்பேறி என்று அந்தப் பிள்ளையை எத்தனை நாள் திட்டியிருப்பேன், அன்றிரவு அதை நினைத்துத்தான் அழுதேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்திருக்கிறது என்பது, 7தான் காட்டியது. அது நல்ல செய்தி என்று அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது, எலும்பு பின்தங்கியிருப்பதால் வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது.

சிகிச்சை என்பது தினமும் ஒரு தைராக்சின் (தைராய்டு சுரக்க வேண்டிய ஹார்மோன்) மாத்திரை, அவ்வளவுதான். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் பால். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரமாவது தள்ளிக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்து அளவை மாற்றினார்கள், இப்போது சில மாதங்களுக்கு ஒரு முறை.

ஆறு மாதத்தில் 5 செ.மீ. கதவு நிலையில் புதுக் கோட்டுக்கும் பழைய கோட்டுக்கும் நடுவே என் மூன்று விரல் வைக்க முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பாவாடை ஓரத்தைப் பிரித்துவிட்டேன், மடிந்திருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருக்கிறது.